பாக்கியசாமியின் இரண்டாவது சாம்பிள்

நெய்வேலியில் ஒருவரை முதன்முதலாகப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே சுரங்கத்தில் பர்மனென்டா கான்ட்ராக்டா என்று கேட்டுவிடுவார்கள். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே இருந்துவிட்டாலும் குடி முழுகிவிடாது. பாக்கியசாமி இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. வடலூர் சாலையில் பஞ்சர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் இருந்தது. பழுப்பு நிலக்கரி வாங்கிப்போகும் சூளைக்காரர்களும் சின்ன ஆலைக்காரர்களும் தங்கள் லாரியில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அங்கே வருவார்கள். அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சாம்பிள் எடுப்பவர் பாக்கியசாமி. யாராவது கேட்டால் "லேப்ல இருக்கேன்" என்பார். பாதிப் பேர் அது ரத்தம் எடுக்கிற லேப் என்று நினைத்துக்கொண்டு தங்கள் சர்க்கரையைப் பற்றி யோசனை கேட்பார்கள். அவரும் முகம் கோணாமல் யோசனை சொல்வார்.

சாம்பிள் எடுப்பது சாதாரண வேலை இல்லை. லாரியின் மேல் ஏறி ஐந்து இடத்தில் தோண்டி, அள்ளியதைக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மறுபடி குவித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு கைப்பிடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பத்து டன் லாரிக்கு அந்தக் கைப்பிடிதான் சாட்சி. சாட்சியை எங்கிருந்து கூட்டிவருவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. மண் கலந்த மூலை எது, நல்ல கரி கிடக்கும் மூலை எது என்பது தன் மண்வெட்டிக்கே தெரியும் என்று பாக்கியசாமி சொல்வார்.

கூடத்தின் முதலாளி சிவப்பிரகாசம் நெற்றி நிறைய விபூதி பூசுபவர். சாம்பல் கூடினால் விலை குறையும்; கரி விற்கும் லாரிக்காரருக்குப் பிடிக்காத அப்படியொரு எண் வந்துவிட்டால் அவர் கோபப்படவே மாட்டார். மிகவும் கனிவாக, "மொத சாம்பிள் எப்பவும் கோவத்துலதான் இருக்கும் சாமி. ரிப்பீட் எடு, சாந்தமா வரும்" என்பார். ரிப்பீட் என்றால் இரண்டாவது சாம்பிள். அதை எடுப்பதற்கு முன் கரியின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் தற்செயலாகக் கொட்டிவிடும். தண்ணீர் குடித்த கரியில் அதே ஒரு கைப்பிடிக்குச் சாம்பல் குறைவாகத்தானே இருக்கும். எண் இறங்கும், லாரிக்காரர் சிரிப்பார், எல்லோரும் டீ குடிப்பார்கள். விவரம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் மட்டும் "டிரை பேசிஸ்ல குடுங்க" என்பார்கள். அதாவது, கரியில் உள்ள தண்ணீரை முழுக்கக் கழித்துவிட்டு, காய்ந்த கரியில் சாம்பல் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு. அப்படிக் கேட்டுவிட்டால் எத்தனை சொம்பு கொட்டினாலும் எண் அசையாது. அந்த ஒன்றிரண்டு பேரைச் சிவப்பிரகாசத்துக்குப் பிடிக்காது.

பாக்கியசாமிக்கு மெர்லின் ஒரே பெண். அவளுக்கு நாலு வயதில் ஒரு நாள் காலையில் கண் இரண்டும் வீங்கியிருந்தன. மந்தாரக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வரிசையில், கொசு கடித்திருக்கும் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் அலர்ஜி என்றார். ஒரு வாரத்தில் காலும் வயிறும் வீங்கியதும், கேன்டீனில் வேலை பார்க்கும் அவர் மனைவி அருள்மேரி யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் டாக்டர் இசக்கியம்மாள் இருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பெற்றவர்கள் யார் வந்தாலும் அண்ணாச்சி, மைனி என்றுதான் கூப்பிடுவார்.

சிறுநீரகம் என்பது ஒரு சல்லடை, மெர்லினுக்கு அந்தச் சல்லடையின் கண் பெரிதாகிவிட்டது, ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகிறது, அதனால்தான் வீக்கம் என்று அவர் விளக்கினார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சல்லடைக் கண் மூடிக்கொள்ளும். ஆனால் திரும்பத் திரும்பத் திறக்கும். வளர வளர நின்றுபோகலாம். பாக்கியசாமிக்கு இது சுலபமாகப் புரிந்தது. மெர்லினின் நோய் பர்மனென்ட் இல்லை, கான்ட்ராக்ட். வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளும்.

புதுப்பித்துக்கொள்வதை வீக்கம் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு டப்பா நிறைய பரிசோதனைப் பட்டைகளைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் எழுந்ததும் போகிற முதல் ஒன்றுக்கில் ஒரு பட்டையை நனைத்து, டப்பாவில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை, 'நில்'. லேசான பச்சை என்றால் ஒரு பிளஸ். பச்சை ஏற ஏற இரண்டு, மூன்று. மூன்று பிளஸ் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். முழு அளவு மாத்திரை அன்றைக்கே ஆரம்பம்.

சாம்பிள் எடுப்பவரிடம் போய்ச் சாம்பிள் எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பாக்கியசாமி நீள நோட்டு வாங்கி, சிவப்பு மையில் கோடு போட்டு, தேதி, மணி, நிறம், எடை, குறிப்பு என்று பத்தி பிரித்தார். கையெழுத்து அச்சுப்போல. டாக்டர் இசக்கியம்மாள் அந்த நோட்டை வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பெற்றோருக்கெல்லாம் தூக்கிக் காட்டி, "டைரின்னா இப்படி இருக்கணும்" என்றார். அத்தனை வருஷத்தில் பாக்கியசாமியின் எண்களை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் அந்த நோட்டைக் காட்டினார். அவர் சர்க்கரைக்கு யோசனை கேட்டார்.

மாத்திரை நோயை நிறுத்தியது. கூடவே மெர்லினின் முகத்தை உப்ப வைத்தது. கன்னத்தில் பூனை முடி. ஓயாத பசி. தொட்டதற்கெல்லாம் அழுகை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூரி என்று பெயர் வைத்தார்கள். வகுப்புப் போட்டோவில் அவள் உயரமான பெண்ணாகப் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வீட்டுச் சுவரில் மாட்டிய அந்தப் படத்தில் மெர்லினின் ரிப்பன் மட்டும் இருக்கிறது.

எட்டு வயது முடிந்த வருஷம், மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, என்று முடிவாயிற்று. டிசம்பர் முதல் நோட்டு முழுக்க நில், நில், நில். முகம் வற்றிப் பழைய மெர்லின் திரும்பியிருந்தாள். வெள்ளைக் கவுன், தலைக்கு வலை, கையுறை எல்லாம் அளவெடுத்துத் தைத்தாயிற்று. இந்தத் தடவை போட்டோவில் முன்வரிசையில் நடுவில் நிற்பேன் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். யாரிடம் சொன்னாலும் 'நடுவுல' என்பதை இரண்டு தடவை சொல்வாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை பட்டை பச்சையாயிற்று. வெளிர் பச்சை இல்லை, நல்ல மாவிலைப் பச்சை. மூன்று.

அருள்மேரி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். குளியலறை வாசலில் பாக்கியசாமி பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நிறம் மாறவில்லை. நோட்டைத் திறந்தார். மேலே நூற்று முப்பது நில். அந்த வரிசைக்குக் கீழே மூன்று என்று எழுதப் பேனா வரவில்லை.

"என்னாச்சுப்பா?" என்றாள் மெர்லின்.

"ஒன்னுமில்ல கண்ணு. மொத சாம்பிள் கோவத்துல இருக்குது. ரிப்பீட் எடுத்துக்கலாம்."

இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த சாம்பிளில் பட்டை லேசாகத்தான் பச்சை காட்டியது. ஒரு பிளஸ். அச்சுப்போன்ற கையெழுத்தில் எழுதினார். மணி என்ற பத்தியில் ஆறு என்று போட்டார். அவர் பொய் எழுதியதாக நினைக்கவில்லை. பிடிக்காத எண் வந்தால் சாம்பிள்தான் தப்பு என்று பத்தொன்பது வருஷமாகக் கற்றவர், அன்றைக்குக் காலையில் வேறு எதை நினைக்க முடியும்? லாரியில் செய்ததைத்தான் வீட்டிலும் செய்தார். மறுநாளும் மூன்று, மறுநாளும் தண்ணீர். அதற்கு மறுநாளும். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய நாள் வந்து, டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

இரண்டு டம்ளர் மூன்றாயிற்று. மூன்று, ஒரு சொம்பாயிற்று. இன்னாத்துக்கு இவ்வளவு தண்ணி என்று மெர்லின் கேட்டதற்கு வெயில் காலம் என்றார். அது பொய்யும் இல்லை. மே மாதம் பிறந்ததும் காலுறையின் ரப்பர் அவள் கணுக்காலில் பள்ளம் பதித்தது. ஒத்திகைக்காகக் கவுனைப் போட்டுப் பார்த்தபோது இடுப்புக் கொக்கி மாட்டவில்லை. அருள்மேரிக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைக்கு உடம்பு தேறிவிட்டது என்று காடாம்புலியூரில் இருந்த அக்காளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். கொக்கியை ஒரு விரற்கடை தள்ளித் தைத்தாள். பாக்கியசாமி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாண்டட்டும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் புதுச்சேரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நோய்க்கும் இதில் சம்மதம் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

நோய் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. மெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். காய்ச்சல் நூற்று மூன்று. வயிற்றைத் தொட்டாலே அலறினாள்.

புதுச்சேரியில் டாக்டர் இசக்கியம்மாள் பிள்ளையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி பிள்ளையைப் பார்த்தார். வயிற்றில் கோத்த நீரில் கிருமி புகுந்துவிட்டது என்றார். உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் புள்ளி இரண்டுக்குள் இருக்க வேண்டும், ஏழைத் தாண்டியிருந்தது.

டாக்டர் நோட்டில் விரலை வைத்து, "பத்தொம்பது நாளா ஒரு பிளஸ் தாண்டலன்னு எழுதியிருக்கியளே அண்ணாச்சி. புள்ளையப் பாத்தா அப்படித் தெரியல்லியே" என்றார். பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற மனிதர் தப்பாக எழுதியிருக்க மாட்டார். அப்படியானால் பட்டைதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். அதே தொகுதிப் பட்டையை மார்ச் மாதம் நாற்பது குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொல்லுங்கள், புதுசு வர மூன்று வாரம் ஆகும், அதுவரை முகத்தையும் காலையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாக்கியசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆண்டவர் கொடுத்த வழி என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. பட்டைக்கு வாயில்லை. அது பழியை ஏற்றுக்கொள்ளும். நர்ஸ் பக்கத்து மேசையிலிருந்து முதல் போனைப் போட்டாள். சேத்தியாத்தோப்பில் யாரோ ஒரு தாய். நேற்றுகூட நில் வந்ததே என்று அந்த அம்மாள் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ், "அத நம்பாதீங்கம்மா, தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். இரண்டாவது எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

டாக்டர் வெளியே வந்ததும் பாக்கியசாமி எழுந்து, அந்த விகிதம் என்றால் என்ன என்று கேட்டார். அந்த நேரத்திலும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பட்டை, தண்ணீர் கலந்தால் ஏமாறும். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியேறும் கழிவு. தண்ணீர் அதிகம் குடித்தால் புரதமும் நீர்க்கும், அதுவும் அதே மாதிரி நீர்க்கும். ஒன்றை மற்றதால் வகுத்துவிட்டால் தண்ணீர் கணக்கிலிருந்தே போய்விடும்.

"டிரை பேசிஸ்" என்றார் பாக்கியசாமி.

டாக்டருக்குப் புரியவில்லை.

"பட்டை மேல தப்பு இல்லீங்கம்மா. அத தூக்கிப் போடச் சொல்லாதீங்க. சாம்பிள் தப்பு. நான்தான் தண்ணி குடுத்து ரெண்டாவது எடுத்துகினு இருந்தேன்."

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நர்ஸைப் பார்த்துக் கையைக் காட்டி போனை வைக்கச் சொன்னார். சேத்தியாத்தோப்புக்கு மறுபடி கூப்பிடச் சொன்னார். பிறகு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் பாக்கியசாமியிடம் நீட்டி, ஒவ்வொரு நாளும் முதல் சாம்பிளில் என்ன வந்தது, எத்தனை டம்ளர் கொடுத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதச் சொன்னார். எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. பத்தொன்பது நாளும் மூன்று. ஊறிய உடம்புக்கு அந்தத் தண்ணீரே பாரம் என்று டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார்; நீர் இறங்க வழியில்லாமல் காலுக்கும் வயிற்றுக்கும்தான் போயிருக்கும் என்றார்.

அருள்மேரி தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தாள்.

"புள்ளகிட்டயுமா ரிப்பீட் எடுத்தீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் அவரிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியில் இருபத்தாறு பிள்ளைகள் புதுநன்மை வாங்கினார்கள். போட்டோவில் நடுவில் யாரோ நின்றார்கள். மெர்லின் பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். ரத்தம் கெட்டியாகி இடது தொடை ரத்தக்குழாயில் ஒரு கட்டி அடைத்தது. பிழைத்தாள். மாத்திரைக்குப் புரதமும் நின்றது. முகம் பழையபடி பூரியாயிற்று. காலை லேசாக இழுத்து நடக்கிறாள். ஓடினால்தான் தெரியும், அவள் இப்போது ஓடுவதில்லை.

பாக்கியசாமி வேலையை உதறிவிட்டார் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அவர் ஜூன் முதல் வாரம் வேலைக்குப் போனார். சிவப்பிரகாசம் பிள்ளையின் நலம் விசாரித்துவிட்டு, கண் கலங்கி, ஒரு லாரிக்கு ரிப்பீட் எடுக்கச் சொன்னார். எடுத்தார். சொம்பைச் சாய்க்கும்போது தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டிவிட்டது. எண் மிகவும் நன்றாக வந்தது.

வீட்டில் பட்டை டப்பா கைமாறியது. அருள்மேரியை ஷிப்டு மாற்ற கேன்டீனில் ஒத்துக்கொள்ளவில்லை. கணவரிடமும் அதைத் தர அவளுக்கு மனமில்லை. டப்பாவை மெர்லினிடம் கொடுத்துவிட்டாள். மெர்லின் குளியலறைக்குள் போய்ச் சாம்பிள் எடுத்து, பட்டையை நனைத்து, நிறத்தை ஒப்பிட்டு, உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். பாக்கியசாமி கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நிற்பார். அவள் சொல்வதை எழுதுவது மட்டும்தான் அவர் வேலை. கையெழுத்து இன்னும் அச்சுப்போலத்தான் இருக்கிறது. டாக்டர் அந்த நோட்டை யாரிடமும் தூக்கிக் காட்டுவதில்லை.

அக்டோபரில், மருந்து முழுக்க நின்று மூன்று வாரம் ஆனபோது, அருள்மேரி ஒரு நாள் கேன்டீனிலிருந்து வந்ததும் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். பாக்கியசாமி வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டாயிற்று என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. உப்பு இல்லை, ரேஷனில் கூட்டம், மழை வரும்போல இருக்கிறது. மெர்லின் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தோசை தின்றாள்.

வியாழக்கிழமை காலை உள்ளிருந்து "ஒன்னு பிளஸ்" என்று குரல் வந்தது. பாக்கியசாமி எழுதினார். மணிப் பத்திக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால். மெர்லின் எழுந்தது ஆறு மணிக்கு. நேற்று? நேற்றும் ஏழரை என்றுதான் எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்திலேயே. எழுதும்போது கண்ணில் படவில்லை.

கதவு திறந்தது. வாளிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் ஈரமாக இருந்தது. குளியலறையில் டம்ளருக்கு என்ன வேலை? அவளையே பார்த்தார். மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத சாம்பிள் கோவத்துல இருந்துச்சுப்பா" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உயரத்தில் அவள் முகம் நேருக்கு நேராக இருந்தது. முதல் பட்டை எங்கே என்று கேட்டார். அவள் பென்சில் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே இரண்டு பட்டைகள், காய்ந்துபோய், மாவிலைப் பச்சையாக. நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று.

"ஏண்டா சொல்லல?"

"மூணுன்னு சொன்னா அம்மா திரும்பவும் உங்கிட்ட பேசாது. இப்பதான பேசுது."

பாக்கியசாமி நோட்டில் ஒரு பிளஸ் என்று எழுதிய இரண்டு இடத்திலும் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் மூன்று, மூன்று என்று எழுதினார். மணி ஆறு என்றும் எழுதினார்; இந்தத் தடவை அது ஆறுதான். டாக்டருக்குப் போன் போட்டார்.

"மொத ஒன்னுக்குதானே அண்ணாச்சி?" என்றார் இசக்கியம்மாள்.

"மொதலுதாங்கம்மா. ரெண்டு நாளா."

நாளைக்கும் வந்தால் முழு அளவு ஆரம்பித்துவிட்டுக் கிளம்பி வரச் சொன்னார். பாக்கியசாமி போனை வைத்துவிட்டு, கேன்டீன் எண்ணை அழுத்தி, அருள்மேரியைக் கூப்பிடச் சொன்னார். அவள் வரும்வரை காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தமும் யாரோ கூட்டுக்கு அவசரப்படுத்தும் சத்தமும் கேட்டன.

மெர்லின் டம்ளரைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்துவிட்டு, காலை இழுத்தபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பூரி மூஞ்சி திரும்பவும் வந்துடுமாப்பா?"

அவளுக்குச் சாந்தமான பதில் ஒன்று அவர் நாக்கு நுனிவரை வந்தது.

"வரும்" என்றார்.